தட்டான் சட்டைக்கு ஒரு தூண் எண்

1. சுண்ணாம்புக் கோடு

காலை 6.20. முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைக் கோடு. தொழிற்சாலையின் வடகிழக்கு மூலையில், காம்பவுண்டுச் சுவரின் பதினான்காம் தூணருகே தொடங்கி, கோரைப் புல்லை ஒட்டிப் போய், முப்பத்தோராம் தூணருகே திரும்பியது. சுண்ணாம்புத் தூள். பனியில் நனைந்து சில இடங்களில் கட்டியாகியிருந்தது. நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடித்து, சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். கோட்டுக்குள் இருந்தது எங்கள் குட்டை.

எங்கள் தொழிற்சாலை கவரைப்பேட்டைக்கும் புதுவாயலுக்கும் இடையில் இருக்கிறது. இரும்பு உருக்கி வாகன உதிரிபாகம் வார்க்கிற பவுண்டரி. அதற்கு முன் அந்த நிலத்தில் செங்கல் சூளை இருந்ததாம். சூளைக்கு மண் எடுத்த பள்ளம்தான் குட்டை. ஐப்பசி மழையில் நிரம்பும். பெரும்பாலும் கோடையிலும் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்.

நான் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பிரிவில் ஆவண அதிகாரியாக இருந்தேன். சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். அதற்கு முன் நெடுங்காலம் மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்துக்கு ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். இதே மாதிரி வேலைக்கு வரும் பிள்ளைகள் சிலர், குட்டை விவகாரத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். அவர்களுக்காக இது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் மல்லிகா நின்றிருந்தாள். தோட்ட வேலை ஒப்பந்தக் குழுவுக்கு அவள்தான் மேஸ்திரி. கோடையில் மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் எடுப்பது இந்தக் குட்டையிலிருந்துதான்.

"நேத்து சாய்ந்தரம் ரெண்டு பேரு டேப்பு புடிச்சிக்கினு வந்தாங்க மேடம். பொங்கலுக்கு அப்பால மூடறாங்களாம். லாரி நிக்க எடம் வோணுமாம்."

"யார் சொன்னது?"

"டேப்பு புடிச்சவரே சொன்னாரு. இதுல இன்னா ரகசியம்? வேஸ்ட் சேண்டுதான் அவ்ளோ மலையா குமிஞ்சி கீதே, அத்த கொட்டப் போறாங்க."

வேஸ்ட் சேண்டு என்பது வார்ப்பு அச்சுக்குப் பயன்பட்டுக் கருகிப்போன மணல். அதை வெளியேற்றுவது எங்களுக்குத் தீராத தலைவலி. பள்ளத்தில் கொட்டினால் மணலும் தீரும், லாரிக்கு இடமும் கிடைக்கும். கணக்கு யாருக்கும் புரியக்கூடியதுதான்.

அன்று மார்கழி முதல் வாரம். பொங்கலுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

2. சர்டிபிகேட்

அந்தக் குட்டையில் எனக்கு ஆறு மாதத்து வேலை இருந்தது. அது எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்களிடம் வார்ப்பு வாங்கும் கம்பெனி ஒன்று, தொழிற்சாலை வளாகத்தில் என்னென்ன உயிரினங்கள் இருக்கின்றன என்று கேட்டிருந்தது. பிளான்ட் மேனேஜர் வேணுகோபால் என்னை அழைத்தார். சூளூர்ப்பேட்டைக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். அவசரத்தில் தெலுங்கு எட்டிப் பார்க்கும்.

"புவனா மேடம், ஆன்லைன்ல ஏதோ டிரெய்னிங் இருக்காம். டப்பு கிடையாது, ஃப்ரீ. சேர்ந்து ஒரு சர்டிபிகேட் வாங்கிடுங்க. பைல்ல வச்சிக்கலாம்."

பயிற்சி ஆறு வாரம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, செல்போனில். தலைப்பு: காட்டுயிர்களைப் பதிவு செய்தலும் முதுகெலும்பற்ற உயிரினங்களின் பாதுகாப்பும். நடத்தியவர் தேன்மொழி. என் மகளைவிட வயதில் சிறியவர். கூடப் படித்தவர்களில் பள்ளி ஆசிரியைகள் சிலர், நாகர்கோவில் பக்கத்து ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர், ஈரோட்டில் சாயப்பட்டறை வைத்திருப்பவர் ஒருவர்.

முதல் வகுப்பில் தேன்மொழி நான்கு கேள்விகளைத் திரையில் போட்டார். எது, எங்கே, எப்போது, யார் பார்த்தது. இந்த நான்கும் இருந்தால் அது பதிவு. ஒன்று குறைந்தாலும் வெறும் செய்தி. எனக்குச் சிரிப்பு வந்தது. நிருபர் வேலையில் சேர்ந்த அன்று ஆசிரியர் எனக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஏன் என்ற கேள்வி எங்கே போயிற்று என்று கேட்டேன். அதற்கு அவசரமில்லை, நிறைய பேர் நிறைய காலம் முதல் நான்கையும் எழுதிய பிறகு ஏன் என்று கேட்கலாம் என்றார்.

ஒரு வித்தியாசத்தைச் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். பத்திரிகையில் 'கவரைப்பேட்டை அருகே' என்று எழுதினால் போதும். வாசகருக்கு விபத்து எந்தப் புளியமரத்தடியில் நடந்தது என்பது தேவையில்லை. பதிவில் 'அருகே' என்ற சொல்லுக்கு மதிப்பே இல்லை. எந்த மரம், மரத்தின் எந்தப் பக்கம், இலையின் மேலா அடியிலா என்று கேட்பார்கள்.

பாதுகாப்பு என்பதைப் பற்றி நடந்த வகுப்பும் நினைவிருக்கிறது. யானைக்கும் புலிக்கும் செய்வதைப் போலப் பூச்சிக்குச் செய்ய முடியாது என்றார் தேன்மொழி. ஒரு தட்டானைக் காப்பாற்ற அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. அது முட்டையிடும் தண்ணீரை இருக்கிற இடத்தில் இருக்க விட்டால் போதும்.

மேனேஜரிடம் முதல் வாரத்து விவரத்தைச் சொன்னபோது அவர் மயிலும் கொக்கும் எதிர்பார்த்திருந்தது தெரிந்தது. "முதுகெலும்பு இல்லாததுன்னா? கரப்பான்பூச்சியவா எண்ணப் போறீங்க?" என்றார். அதுவும் உண்டு என்றேன்.

சர்டிபிகேட் ஆடி மாதம் வந்தது. பைலில் வைத்தார்கள். நான் பதிவு செய்வதை நிறுத்தவில்லை. மாதம் ஒரு ஞாயிறு பழைய மாணவர்களுக்கான கூட்டம் நடக்கும். அதிலும் தொடர்ந்தேன்.

3. கேட்டில் குவிந்த உயிர்கள்

எங்கள் தொழிற்சாலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாடிக்கையாளர்களின் புது மாடல் உதிரிபாகங்கள் உள்ளே இருக்கும். யாரும் படம் எடுத்துவிடக் கூடாது. கேட்டில் எண் போட்ட மர அலமாரி உண்டு. எல்லோரும் போனை அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேனேஜருக்கு மட்டும் விலக்கு. அவர் போனிலும் கேமரா கண்ணின் மேல் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கும்.

இந்த விதியைக் காத்தவர் செக்யூரிட்டி சூப்பர்வைசர் பஷீர் பாய். பழவேற்காட்டுக்காரர். குடும்பத்தில் மற்றவர்களெல்லாம் வியாபாரம். இவர் மட்டும் யூனிஃபார்ம். மனைவி போன் செய்தால்கூட சாப்பாட்டு வேளையில் அலமாரிக்கு வந்துதான் பேசுவார்.

பதிவுக்குப் படம் வேண்டும். படம் எடுக்க போன் வேண்டும். போன் கேட்டில் இருந்தது. பூச்சி குட்டையில் இருந்தது. நாங்கள் பூச்சியைக் கேட்டுக்குக் கொண்டுவந்தோம். மைசூர்பாகு வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு அதில் தட்டானையும் நத்தையையும் எடுத்துவருவேன். பாயின் மேசையில் வைத்துப் படம் பிடித்து, படம் எடுத்த இடத்தைத் தானே குறித்துக்கொள்ளும் பயிற்சிச் செயலியில் ஏற்றிவிட்டு, சாப்பாட்டு வேளை முடிவதற்குள் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவேன். செய்தி பரவியது. மோல்டிங் பிரிவுப் பையன்களும் கேன்டீன் பெண்களும் ஆளுக்கொன்று கொண்டுவரத் தொடங்கினார்கள்.

பஷீர் பாய் ஒரு நாள் குறைப்பட்டுக்கொண்டார். "பேஜாரா கீது மேடம். நேத்து ஒருத்தன் டிபன் கேரியர்ல குளவிக் கூட்ட எட்தாந்துட்டான். நான் நாஷ்டா துன்ற டேபிள் இது. குளவிக்கு கேட் பாஸ் எங்கடான்னு கேட்டுத் தொரத்திவுட்டேன்."

சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்த அன்று பத்து மணிக்கு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் முடிவில் நியாயம் இருந்தது. லாரிகள் உள்ளே நிற்க இடமில்லாமல் சர்வீஸ் ரோட்டில் வரிசையாக நின்றன. முந்தின மாதம் எங்கள் இரண்டாம் ஷிப்ட் ஆள் ஒருவர் இருட்டில் நின்ற லாரியின் பின்பக்கம் பைக்கோடு மோதி, கால் முறிந்து படுத்திருந்தார்.

குட்டையில் நிறைய உயிர்கள் இருக்கின்றன, ஆறு மாதப் பதிவு இருக்கிறது என்றேன்.

"குடுங்க, பார்க்கறேன். என்னை மாத்தற மாதிரி ஏதாவது இருந்தா மாத்திக்கறேன். டேட் மட்டும் மாறாது. பொங்கல் முடிஞ்ச திங்கக்கிழமை டிப்பர் வரும்."

அந்த ஞாயிறு மாதக் கூட்டம். என் பதிவுகளை எப்படித் தொகுத்துக் கொடுப்பது என்று கேட்டிருந்ததால், தேன்மொழி அவற்றை வரைபடத்தில் போட்டுக் காட்டினார். மற்றவர்களுடைய புள்ளிகள் ஊரெங்கும் தெளித்ததுபோல் இருந்தன. என்னுடையவை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக, சர்வீஸ் ரோட்டை ஒட்டி, ஒரே புள்ளியாக இருந்தன.

"அக்கா, இது என்ன இடம்? ஏரியா?"

"செக்யூரிட்டி ரூம்" என்றேன்.

பிறகு நாகர்கோவில் போஸ்ட்மாஸ்டர் மைக்கை ஆன் செய்தார். "அம்மா, அந்த செக்யூரிட்டிக்காரர் கிட்ட அப்படி என்னதான் இருக்கு? தமிழ்நாட்டுல உள்ள பூச்சி பூராவும் அவரைப் பாக்கத்தான வருது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் தேன்மொழி நிதானமாகச் சொன்னார். "நீங்க பொய் எழுதலை அக்கா. படம் எடுத்த இடம் அதுதான். ஆனா உயிர் இருந்த இடம் அது இல்ல. குட்டையைப் பத்தி இந்தப் பதிவுங்க எதுவும் சொல்லாது."

புள்ளிகளைக் கையால் நகர்த்த வழி உண்டு. நானே பிடித்தவற்றை மட்டும் நகர்த்தினேன். மற்றவர்கள் கொண்டுவந்தவை குட்டையிலிருந்து வந்தனவா, கேன்டீன் ஜன்னலிலிருந்து வந்தனவா என்று எனக்குத் தெரியாது. அவற்றை அப்படியே விட்டேன். நகர்த்திய பிறகும் படங்கள் மாறவில்லை. தட்டானுக்குப் பின்னால் பாயின் டீ கிளாஸ் இருந்தது. குட்டை எதிலும் இல்லை.

மேனேஜரிடம் அதைத்தான் கொண்டுபோனேன். அவர் டீ கிளாஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேறொன்று சொன்னார், அது இன்னும் கெட்டியாக இருந்தது.

"இதெல்லாம் றெக்கை இருக்கறது மேடம். இன்னிக்கு இங்க உக்காரும், நாளைக்கு ஏரிக்குப் போயிடும். குட்டை இல்லன்னா இதுங்களுக்கு என்ன நஷ்டம்? அதைக் காட்டுங்க."

4. எத்தனை என்று விதியில் இல்லை

அன்றிரவே தேன்மொழிக்கு மேனேஜர் கேட்டதை அப்படியே எழுதி அனுப்பினேன். சரியான கேள்வி என்று பதில் வந்தது. கூடவே ஒரு வேலையும் வந்தது.

தட்டான் பிறப்பது தண்ணீரில். இறக்கை முளைக்கும் முன் வாரக்கணக்கில், சில வகை மாதக்கணக்கில், நீருக்கடியில் வாழும். வளர்ந்ததும் விடியற்காலையில் ஒரு கோரைத் தண்டைப் பிடித்து மேலே ஏறி, முதுகு வெடித்து, உள்ளிருந்து தட்டானாக வெளியே வரும். பழைய தோல் தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பாம்பு சட்டை உரிப்பதைப் போல. பறக்கும் தட்டான் எங்கிருந்தும் வந்திருக்கலாம். சட்டை எங்கிருந்தும் வராது. அது இருக்கும் இடத்தில்தான் அந்த உயிர் வளர்ந்தது.

மறுநாள் காலை மல்லிகாவும் நானும் இருபத்தாறாம் தூணுக்கு எதிரே முதல் சட்டையைக் கண்டோம். தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, காய்ந்த கோரையில். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். பழுப்பு நிறம். ஆறு காலும் தண்டை இறுக்கிப் பிடித்திருந்தன. முதுகில் கீறல். உள்ளே ஒன்றுமில்லை.

இதைத் தண்டோடு ஒடித்துக் கேட்டுக்குக் கொண்டுபோனால் மறுபடியும் டீ கிளாஸ்தான். படம் குட்டையிலேயே எடுக்கப்பட வேண்டும். பஷீர் பாயிடம் போனேன். கேட்டில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா உண்டு. லாரி நசுங்கினால், சரக்கு உடைந்தால் படம் எடுப்பதற்கு. தொழிற்சாலைக்குள் போக அனுமதியுள்ள கேமரா அது ஒன்றுதான். மஞ்சள் கயிறு கட்டி பாயின் கழுத்தில் தொங்கும்.

"தர முடியாது மேடம். இது என் கழுத்த வுட்டுப் போவக் கூடாது. அது ரூலு."

"நீங்களே வந்து எடுங்க பாய்."

"பூச்சிய எடுக்கறதுக்கு இது இல்ல. ஆக்சிடென்ட், டேமேஜ், அப்புறம்..." அவர் நிறுத்தினார். மேசை விளிம்பைத் தட்டிக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளைப் பார்த்தார். "சிவில் வேலை. உள்ள எங்கனா தோண்டறது, கட்றது, மூடறதுன்னா வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அந்த எடத்த போட்டோ எடுக்கணும். அது என் டூட்டிதான்."

"எத்தனை போட்டோ?"

பாய் தாளை மறுபடியும் படித்தார். "எத்தினின்னு போடல."

"எத்தனை நாளைக்கு முன்னாடி?"

"அதுவும் போடல." தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "வாங்க. பாம்பு சட்டை பாத்துக்கீறேன். தட்டானுக்கு எவன் டெய்லருன்னு பாக்கறேன்."

முதல் படம் எடுக்கும்போதே அவர் ஒரு நிபந்தனை போட்டார். நான் சட்டையை மட்டும் கிட்டே போய் எடுக்கச் சொன்னேன். அவர் முடியாது என்றார். "லாரி நசுங்குச்சின்னா நான் நசுங்கலை மட்டும் எடுக்க மாட்டேன் மேடம். டிரைவர் இன்னா சொல்வான்? இது என் வண்டியே இல்லம்பான். நம்பர் பிளேட்டோட எடுத்தாத்தான் வாய மூடுவான்." சுவரில் ஒவ்வொரு தூணுக்கும் கறுப்பு பெயின்டில் எண் எழுதியிருக்கும். அந்த எண் தெரிய ஒரு படம், பிறகு கிட்டே ஒரு படம். இரண்டிலும் மூலையில் தேதியும் நேரமும் விழும். தூண்களின் இடம் எங்கள் சர்வே வரைபடத்தில் அங்குலக் கணக்கில் இருந்தது. தேன்மொழி கேட்ட 'எங்கே' என்ற கேள்விக்கு அதைவிடத் துல்லியமான பதிலை நான் அதன்பிறகு யாரிடமும் பார்த்ததில்லை.

இன்னொரு நிபந்தனை தேன்மொழியுடையது. குட்டையின் எல்லாப் பக்கத்தையும் ஒரே அளவு நேரம் தேட வேண்டும். இரண்டு தூண்களுக்கு இடையே பத்து நிமிடம். அதில் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் பத்து நிமிடம். நாங்கள் மூவரும் ஆறு மணியிலிருந்து ஏழரை வரை தேடினோம். ஒரு நாளில் பாதி, மறுநாள் மீதி. மழை வந்தால் சட்டைகள் உதிர்ந்துவிடும். அப்போது இரண்டு நாள் காத்திருந்து மறுபடி தொடங்குவோம்.

மேற்குப் பக்கம் வரும்போதெல்லாம் மல்லிகாவுக்குப் பொறுக்காது. கோரைக்குள் முழங்கால் தண்ணீரில் நிற்பவள் அவள்தான்.

"இங்க ஒண்ணும் இல்லன்னு நேத்தே பாத்தாச்சி. கெடைக்கிற எடத்துல தேடினா இன்னும் பத்து கெடைக்கும்ல?"

பஷீர் பாயும் அவள் பக்கம்தான். "ஏரில மீனு கீற பக்கம்தான் வலை உடுவாங்க மேடம். நீங்க இல்லாத பக்கமும் உடறீங்க."

நான் கேட்கவில்லை. பத்து நிமிடம் ஆகும்வரை மூவரும் நின்றோம்.

5. பூஜ்ஜியம்

பொங்கலுக்கு முந்தின வாரம் முடிவு தெளிவாக இருந்தது. இருபத்துநான்காம் தூண் முதல் முப்பத்தொன்று வரை, கிழக்குப் பாதியில், ஒவ்வொரு இடைவெளியிலும் சட்டைகள் கிடைத்தன. தட்டானும் உண்டு, ஊசித்தட்டானும் உண்டு. சட்டையை வைத்துக் குடும்பம் வரை சொல்லலாம், இனம் சொல்ல முடியாது என்று தேன்மொழி கண்டிப்பாக இருந்தார். அப்படியே எழுதினேன். ஒரு நாள், இருபத்தெட்டாம் தூணருகே, தட்டான் வெளிவந்துகொண்டிருந்தபோதே பார்த்தோம். இறக்கை கசங்கிய காகிதம் போலிருந்தது. பாய் மூன்று படம் எடுத்தார். அன்று அவர் டெய்லர் ஜோக் சொல்லவில்லை.

பதினான்கு முதல் இருபத்துமூன்று வரை, மேற்குப் பாதியில், ஒன்றுகூட இல்லை. கேன்டீன் சாக்கடை அந்தப் பக்கம்தான் குட்டையில் விழும். சோற்றுக் கஞ்சியும் எண்ணெயும் மிதக்கும். காரணம் அதுதானா என்று எங்களுக்குத் தெரியாது.

பத்திரிகையில் நடக்காத விபத்துக்குச் செய்தி இல்லை. பதிவில் உண்டு. தேடிக் கிடைக்காததையும், தேடிய நேரத்தோடு எழுத வேண்டும் என்பது பயிற்சியின் நான்காம் வாரப் பாடம். மேற்குப் பாதிக்கு ஒவ்வொரு இடைவெளியாகப் பூஜ்ஜியம் எழுதினேன். எழுதும்போதே அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மல்லிகாவுக்கும் தெரிந்தது. அவள் குழு தண்ணீர் மொள்ளும் படிக்கட்டு மேற்குப் பாதியில் இருந்தது. கேன்டீன் வாசலில் என்னை நிறுத்தினாள்.

"அத்த இன்னாத்துக்கு மேடம் எழுதின? கேட்டாங்களா உன்ன?"

எப்போதும் 'நீங்க' என்பவள் அன்று 'நீ' என்றாள்.

"எழுதலன்னா கிழக்கால எழுதினதையும் நம்ப மாட்டாங்க மல்லிகா."

"நம்பறாங்களோ இல்லியோ, பாதி போச்சி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேனேஜர் அறையில் பஷீர் பாயையும் கூப்பிட்டார்கள். படங்கள் கேட் கேமராவில் எடுக்கப்பட்டவை என்பதை வேணுகோபால் அப்போதுதான் கவனித்தார்.

"நைனா, நீயுமா இதுல?"

"சிவில் வேலைக்கு முன்னாடி சைட் போட்டோ எடுத்தேன் சார். ரூலு."

"இத்தனையா?"

"எடம் பெருசு சார்."

மேனேஜர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு படங்களை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் பார்த்தார். தூண் எண்களை வரைபடத்தில் விரல் வைத்துத் தேடினார். இருபத்தெட்டாம் தூணில் நெடுநேரம் நின்றார். முடிவில் வரைபடத்தின் குறுக்கே, இருபத்துமூன்றுக்கும் இருபத்துநான்குக்கும் இடையே, பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"கிழக்கால இருக்கு. மேற்கால இல்ல. நீங்களே எழுதிருக்கீங்க."

"தேடின நாள்ல கிடைக்கலன்னு எழுதிருக்கேன் சார். இல்லவே இல்லன்னு எழுதல."

"எனக்கு லாரிய நிறுத்தணும் மேடம். அந்தப் பையன் இன்னும் நடக்கல." பென்சிலைக் கீழே வைத்தார். "மேற்க மூடறேன். கிழக்க தொட மாட்டேன். நடுவுல கான்க்ரீட் சுவர் வச்சி மணலை நிறுத்திடறேன். போதுமா?"

போதாது என்றேன். ஆறு வாரம் படித்ததும் அத்தனை காலை கரையில் நின்றதும் அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் என்று தோன்றியது. கருகின மணல் சுவருக்குப் பின்னால் இருந்தாலும் அதில் ஊறும் நீர் குட்டைக்குக் கசியும். நிரப்புவதற்குச் சாதாரண மண் வேண்டும். கேன்டீன் சாக்கடையைச் சுத்திகரிப்புத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். மல்லிகா குழுவுக்குக் கிழக்குப் பக்கம் புதுப் படிக்கட்டு வேண்டும். இவற்றைச் சொன்னேன். மண்ணுக்குச் செலவாகும் என்றார். ஆகும் என்றேன். சாக்கடை எப்படியும் திருப்பித்தான் ஆக வேண்டும், அதன் மேல்தானே லாரி நிற்கப் போகிறது என்றார். மண் விஷயத்தில் இரண்டு நாள் கழித்துச் சரி என்றார்.

ஒன்று மட்டும் அவர் பதிலுக்குக் கேட்டார். கிழக்குப் பாதியில் ஒரு ஃபவுன்டனும் கலர் மீனும் விட்டால் ஆடிட்டுக்கு வருகிறவர்களுக்கு அழகாக இருக்கும் என்றார். மீன் விட்டால் தட்டான் குஞ்சை மிச்சம் வைக்காது, கோரையையும் வெட்டக் கூடாது, இப்போது இருக்கிற மாதிரியே இருக்கட்டும் என்றேன்.

"இப்ப இருக்கற மாதிரின்னா? பார்க்கறதுக்கு ஒண்ணுமே இருக்காதே."

"ஆமா சார்" என்றேன்.

6. பொங்கலுக்குப் பின்

திங்கட்கிழமை டிப்பர் வந்தது. சொன்ன தேதி மாறவில்லை. மேற்குப் பாதி ஒன்பது நாளில் மூடப்பட்டது. முதல் மூன்று டிப்பரில் வேஸ்ட் சேண்டு வந்தது. ஒப்பந்தக்காரருக்கு யாரும் சொல்லவில்லை. பஷீர் பாய் நான்காவது வண்டியைக் கேட்டிலேயே நிறுத்தி, அதிலிருந்த மணலை நம்பர் பிளேட்டோடு படம் எடுத்து மேனேஜருக்குக் கொண்டுபோனார். கொட்டியதைத் திரும்ப அள்ளினார்கள். மல்லிகா அள்ளி முடியும்வரை கரையில் நின்றாள். அன்றிலிருந்து என்னை மறுபடி 'நீங்க' என்றாள். படிக்கட்டைப் பற்றி அவள் அதற்குப் பிறகும் பேசவில்லை. புதிது உயரமாக இருக்கிறது, குடத்தோடு ஏறச் சிரமம் என்று அவள் குழுவில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். உயிர் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். அதை உங்கள் வசதிக்குக் கொண்டுவராதீர்கள். படத்தில் நகராத பொருள் ஒன்று இருக்கட்டும். எதிரே இருப்பவர் கேட்கும் கேள்வி சரியான கேள்வியாக இருந்தால் கோபப்படாமல் அதற்குப் பதில் தேடுங்கள். கிடைக்காததையும் எழுதுங்கள். அதனால் உங்களுக்கு நஷ்டம் வரலாம். அப்போதும் எழுதுங்கள்.

லாரிகள் இப்போது சர்வீஸ் ரோட்டில் நிற்பதில்லை. கால் முறிந்தவர் ஆடியில் வேலைக்குத் திரும்பினார். குட்டை அந்தச் சித்திரையில் முழுக்க வற்றி, ஐப்பசி மழையில் நிரம்பியது. நாங்கள் மூவரும் பழையபடி ஆறு மணிக்குத் தேடத் தொடங்கினோம்.

அந்த ஆண்டின் முதல் சட்டையைக் கண்டது பஷீர் பாய். காலை 6.35. இடம் கோரை இல்லை. புதுக் கான்க்ரீட் சுவரின் லாரிப் பக்கம். தண்ணீரிலிருந்து ஏறி, சுவரைத் தாண்டி, நாங்கள் பூஜ்ஜியம் எழுதிய பாதிக்குள் வந்திருந்தது. படத்தில் தெரியும் தூண் எண் 23.